ஆகாயத்துக்கும் ஒரு பட்டாளமா?

(சேக்காட்டில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராணுவத் தளவாடம் பற்றிச் சேக்காட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-ல் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அதன் திருகுகளை முடுக்கியவர்கள் உங்களைப் போன்ற தொழிலாளர்களே. சிப்பாய்க்குச் சட்டை தைத்துக் கொடுப்பதும் இதே ஆவடிதான்.

சென்ற வாரம் டீக்கடையில் ரிட்டையரான பிட்டர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தோழர், தரைக்கு டாங்கி இருக்கு, தண்ணிக்குக் கப்பல் இருக்கு. இப்ப ஆகாசத்துக்கும் பட்டாளம் வந்துடுச்சாமே! அங்கே எது எல்லை, யார் அதைத் தாண்டுறான்?" என்றார். சரியான கேள்வி.

ஆம், வந்துவிட்டது. 2015-ல் ரஷ்யா தன் விமானப் படையையும் விண்வெளிப் படையையும் ஒன்றாக்கியது. 2019 டிசம்பர் 20-ல் அமெரிக்கா விண்வெளிக்கென்றே தனிப் படை அமைத்தது. சீனா 2024-ல் தனிப் பிரிவு ஏற்படுத்தியது. நம் நாட்டிலும் 2019-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு பாதுகாப்பு விண்வெளி முகமை உருவாயிற்று.

இவர்கள் ஆகாயத்தில் துப்பாக்கி ஏந்தி நிற்பவர்களல்ல. செயற்கைக்கோள் மூலம் வேவு பார்ப்பது, ஏவுகணைக்கு வழிகாட்டுவது, சேனைகளுக்குச் செய்தி அனுப்புவது ஆகியவை இவர்கள் வேலை. அடுத்த நாட்டின் செயற்கைக்கோளை முடக்குவது எப்படி என்று தயாராவதும் இதில் அடங்கும். ஆபத்து இங்கேதான்.

2019 மார்ச் 27-ந் தேதி ஒடிசா கடலோரத் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை, நம்முடைய மைக்ரோசாட்-ஆர் என்ற செயற்கைக்கோளையே சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் அடித்து நொறுக்கியது. பொதுத் தேர்தல் நேரம். பிரதமரே டெலிவிஷனில் தோன்றி அறிவித்தார். 45 நாளில் சிதறல்கள் விழுந்து எரிந்துவிடும் என்றார்கள். பெரும்பாலானவை விழுந்தன, சில துண்டுகளோ ஓராண்டுக்கு மேலும் சுற்றின.

நாம் மட்டுமா? அமெரிக்கா 1985-லும் 2008-லும் அடித்தது. சீனா 2007-ல் அடித்ததில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் சிதறின. 2021 நவம்பரில் ரஷ்யா அடித்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் உயிருக்குப் பயந்து தங்கள் கலங்களுக்குள் ஒதுங்கினார்கள். அந்த ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள்! யார் செய்தாலும் தப்பு தப்புதான். சிவப்புக் கொடி பறக்கும் நாடு செய்தால் சிதறல் பூவாகிவிடுமா?

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போக மின்சார ரயிலுக்கு எவ்வளவு நேரமாகிறது? அந்தத் தூரத்தை மேலே பறக்கும் துண்டு மூன்றே விநாடியில் கடந்துவிடும். நெல்லிக்காய் அளவு இரும்பு பட்டாலும் செயற்கைக்கோள் நாசம்.

யாருக்கு நஷ்டம்? 2016-ல் வர்தா புயலும் 2023-ல் மிக்ஜாம் புயலும் வந்தபோது, நாட்கணக்கில் முன்னதாக எச்சரித்தது மேலே இருக்கும் கண்தான். நாளைக்கு மழையா என்று பார்த்து நீங்கள் அறுப்புக்கு இறங்குவதும், கரைக்குத் திரும்ப மீனவர் திசை அறிவதும் அதன் தயவில்தான்.

"எதிரி வைத்திருந்தால் நாமும் வைத்திருக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். தரையில் உடைந்த டாங்கி உடைந்த இடத்தில் கிடக்கும். ஆகாயத்தில் உடைந்தது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும். அடுத்த வீட்டுக் கூரையில் வைத்த நெருப்பு நம் கூரைக்கும் வருகிறது. இதில் ஜெயிப்பவன் எவன்?

செலவையும் பாருங்கள். அமெரிக்க விண்வெளிப் படைக்கு 2024 நிதியாண்டில் கேட்கப்பட்ட தொகை 3,000 கோடி டாலர். ரூபாயில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி! இந்தியா முழுவதற்கும் நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் ஒதுக்கியது 86,000 கோடி ரூபாய். மண் வெட்டும் கோடிக்கணக்கான கைகளுக்கு ஒதுக்கியதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஒரு நாட்டின் ஒரு படைக்கு!

தோழர்களே, இதைத் தடுக்க முடியாதா? முடியும். 1962-ல் அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்தது. 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாய்த் தீவில் தெருவிளக்குகள் அணைந்தன, செயற்கைக்கோள்கள் செத்தன. அணுகுண்டு வேண்டாம் என்று அதற்கு முன்பிருந்தே உலகெங்கும் மக்கள் குரல் கொடுத்து வந்தார்கள். 1963-ல் ஆகாயத்தில் அணுகுண்டு சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1967-ல் விண்வெளியில் அணு ஆயுதங்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்ற ஒப்பந்தமும் வந்தது.

ஆனால் அதில் ஓட்டை இருக்கிறது. சாதாரண வகை ஆயுதங்களுக்கும், தரையிலிருந்து அடிப்பதற்கும் அதில் தடையில்லை. 2022 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில், செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணைச் சோதனைகளைக் கைவிடும்படி கோரும் தீர்மானத்தை 155 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தன. நம் அரசு நடுநிலை என்று ஒதுங்கி நின்றது.

அந்த ஒதுங்கல் போதாது. இனி இந்தச் சோதனை செய்யமாட்டோம் என்று இந்தியா பகிரங்கமாகச் சொல்லட்டும். எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு முன் நின்று பாடுபடட்டும். இதை உங்கள் சங்கத்தில் பேசுங்கள். தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள்.

அந்தப் பெரியவருக்கு என் பதில் இதுதான்: அங்கே எல்லையே கிடையாது, ஐயா. வேலி போட முடியாத அந்தப் பொது நிலத்தைச் சுடுகாடாக்க எவனுக்கும் உரிமையில்லை!