பிள்ளைப்பேற்றில் உடல் காட்டும் புதுமைகள்



கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டங்களில் விதை, உரம், கடன், பால், கரும்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். பிரசவத்தைப் பற்றிப் பேசுவது வழக்கமன்று. அது பெண்கள் காரியம் என்றும், பாட்டிமாரும் மருத்துவச்சியும் அறிந்திருந்தால் போதும் என்றும் ஆடவர் ஒதுங்கி நிற்கின்றனர். ஆயினும் நள்ளிரவில் வண்டி தேடுபவரும், பணம் புரட்டுபவரும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா, விடியட்டுமா என்று முடிவு சொல்பவரும் பெரும்பாலும் அவ்வீட்டு ஆடவரே. முடிவு சொல்ல வேண்டியவர் விஷயம் அறியாதவராயிருப்பது எத்துணை அபாயம் என்பதை, சங்க நிர்வாகம் நடத்திப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

கர்ப்பகாலத்திலும், பிரசவத்திலும், அதன் பின்னரும் ஒரு பெண்ணின் தேகத்தில் அவள் எதிர்பாராத பல மாறுதல்கள் தோன்றுகின்றன. அவற்றுள் மிகப் பல தாமே தோன்றித் தாமே மறைவன. சில மாத்திரம் உயிரைக் கொண்டுபோவன. முன்னதை எவரும் அவளுக்குச் சொல்லி வைப்பதில்லை. ஆகையால் அவள் வீணே அஞ்சுகிறாள், அல்லது வெட்கத்தால் மறைக்கிறாள். இவ்வாறு எல்லாவற்றையும் மறைத்துப் பழகியவள், மறைக்கக்கூடாததையும் மறைத்துவிடுகிறாள். இவ்விரு வகையையும் பிரித்தறியக் கற்பதே இப்பேச்சின் நோக்கமாம்.

கர்ப்பகாலத்தில் தாயின் இரத்தம் அளவிற் பெருகி, முன்னிருந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சங்கங்கள் இலாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கு நிதியாக வைப்பது போல, பிரசவத்தின்போது நேரப்போகும் இரத்தச் செலவுக்கு இயற்கை முன்கூட்டியே வைக்கும் நிதி இது. இதனாலேயே கர்ப்பிணிக்குச் சிறிது நடந்தாலும் இதயம் படபடக்கிறது. ஈறுகளிலும் மூக்கிலும் சிறிது இரத்தம் கசிகிறது. உடலின் கட்டுகள் தளர்வதால் இடுப்பு வலிக்கிறது. பாதம் அகன்று, பழைய செருப்பு பொருந்தாமற் போகிறது. நெஞ்செரிச்சல், இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளுதல், வயிற்றின் நடுவே கரிய கோடு தோன்றுதல், மாலையில் பாதம் சற்று வீங்கிக் காலையில் வற்றுதல் ஆகியவையும் இவ்வகையினவே. இவற்றுக்காக அஞ்ச வேண்டுவதில்லை.

மண், சாம்பல், பச்சரிசி ஆகியவற்றைத் தின்ன ஆசை எழுவது வேறு வகை. இதனை மசக்கை என்று சிரித்து விட்டுவிடுகின்றனர். பல சமயங்களில் இது இரத்தச்சோகையின் அடையாளம். கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையேயாம். அவளுக்கு ஒதுக்கு நிதி இல்லை. பிறர் தாங்கும் இரத்தப்போக்கை அவள் தாங்கமாட்டாள். இதற்கென்றே கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் 180 நாட்களுக்கும், பிரசவத்துக்குப் பின் 180 நாட்களுக்கும் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாக அளிக்கப்படுகிறது. இம்மாத்திரையால் மலம் கறுத்துப் போகும். இதனைக் கண்டு அஞ்சி, மாத்திரைகளைப் பரண்மேல் போட்டுவிடுவோர் பலர். கறுத்துப் போவது தீங்கன்று. தேநீருடன் உண்ணாமல், எலுமிச்சை அல்லது நெல்லிக்கனிச் சாற்றுடன் உண்டால் அதன் பயன் மிகும்.

இனி பிரசவ வேளையைக் கவனிப்போம். பனிக்குடம் உடைதல் சில பெண்களுக்கு வெள்ளம் போலவும், சிலருக்குச் சொட்டுச் சொட்டாகவும் நிகழும். சொட்டாக வருவதைச் சிறுநீர் என்று எண்ணி இருந்துவிடலாகாது. வலி முற்றும்போது வாந்தி வரலாம், மலமும் வெளிப்படலாம். இது தலை இறங்குவதால் நேர்வது. இதற்காகப் பெண்ணை நாணச் செய்தல் கொடுமை. குழந்தை பிறந்தவுடன் சிலருக்குப் பற்கள் கிட்டுமளவு நடுக்கம் வரும். போர்த்துவிட்டால் சற்று நேரத்தில் அது தணியும். அது ஜன்னியன்று, ஆயின் தணியாமல் காய்ச்சலாக மாறினால் அதுவே வேறு.

நஞ்சு விழுந்தவுடன் கருப்பை ஒரு பந்தைப் போல் இறுகுதல் வேண்டும். நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிஷத்தில் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. தசைகள் இறுகும்போது இரத்தக் குழாய்களின் வாய்கள் கயிற்றால் கட்டியது போல் அடைபடுகின்றன. இறுகாவிட்டால் அவ்வாய்கள் திறந்தே கிடக்கும். அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அது அபாயமென்றே கொள்ள வேண்டும். சிலருக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடும். 1631-ஆம் ஆண்டில் புர்ஹான்பூரில் மும்தாஜ் மஹால் தமது பதினான்காம் பிரசவத்தில் உயிர் துறந்தார். பேரரசனுடைய பொருளும் பரிவாரமும் அன்று பயன்படவில்லை. இன்றோ, குழந்தை பிறந்தவுடன் போடப்படும் ஆக்ஸிடோசின் ஊசி ஓர் ஏழைப் பெண்ணையும் காக்கிறது. ஆயின் ஊசி இருக்குமிடத்தில் அவள் இருத்தல் வேண்டும்.

பிரசவம் முடிந்துவிட்டது என்று வீட்டார் மூச்சு விடும்போதுதான் அவளுடைய உடல் மிகுந்த ஆச்சரியங்களைக் காட்டத் தொடங்குகிறது. நாபி வரை நிற்கும் கருப்பையின் எடை அப்போது ஒரு கிலோ அளவிருக்கும். ஆறு வாரங்களில் அது சுருங்கி, ஏறக்குறைய 60 கிராம் எடையை அடைகிறது. குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் அடிவயிறு முறுக்கி வலிப்பது இச்சுருக்கத்தினாலேயே. முதற் பிள்ளைக்கில்லாத இவ்வலி இரண்டாம் மூன்றாம் பிள்ளைகளுக்கு அதிகமாயிருக்கும். குழந்தை பிறந்த பின்னும் வயிறு ஐந்து மாதம் போல் தோன்றுவது இயல்பே. உதிரம் சில நாட்கள் சிவந்தும், பின் பழுப்பாகவும், முடிவில் வெளுத்தும் நாலைந்து வாரங்கள் வரை கசியும். முதல் வாரத்தில் உடலிற் சேர்ந்திருந்த நீர் வெளியேறுவதால் சிறுநீர் மிகும். இரவில் துணி நனையுமளவு வியர்க்கும்.

இந்நிலையில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது என்னும் பத்தியம் பல வீடுகளில் உண்டு. இது தவறு. பாலூட்டுபவளுக்கு நீரே முதல் தேவை. நீர் குறைந்தால் மலம் கட்டும், மூலம் வருத்தும். லேகியமும் இரசமும் கொடுக்கலாம். அவற்றோடு வேண்டுமளவு தண்ணீரும், பருப்பும், கீரையும், முட்டையும், மலையில் விளையும் சாமையும் கேழ்வரகும் கொடுத்தல் வேண்டும். முதல் இரண்டு நாட்களில் பால் சில கரண்டியளவே சுரக்கும். அச்சீம்பால் போதாதென்று எண்ணிச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் புகட்டலாகாது. குழந்தையின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும். மூன்றாம் நாளையொட்டி மார்பு கல்லாகக் கனத்து வலிக்கும். அடிக்கடி பாலூட்டினால் வலி குறையும்.

அதே மூன்றாம் நான்காம் நாட்களில் காரணமின்றி அழுகை வரும். பிள்ளை பெற்றவருள் பாதிப்பேருக்கு மேல் இது நேர்கிறது. இரண்டு வாரத்தில் மாறும். மூன்றாம் மாதத்தையொட்டித் தலைமயிர் கொத்தாக உதிரும். கர்ப்பகாலத்தில் உதிராமல் நின்ற மயிரே இப்போது சேர்ந்து உதிர்கிறது. ஓராண்டுக்குள் மீண்டும் அடரும். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது இன்னொன்று. இதனைக் கணவனிடத்தும் சொல்லாத பெண்கள் உண்டு. இடுப்பின் அடித்தசைகள் தளர்ந்ததே காரணம். அத்தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியைச் செவிலியர் கற்பிப்பர். அதற்குள் விறகுக்கட்டும் தண்ணீர்க்குடமும் தலையில் ஏற்றினால் நிலைமை கேடுறும். சிலருக்குக் கருப்பையே கீழிறங்கிவிடும். பிள்ளை பெற்ற ஆறு வாரம் அச்சுமைகளை வீட்டு ஆடவர் சுமப்பது தயவன்று, அதுவும் வைத்தியமே.

இனி, ஒரு கணமும் காத்திராமல் புறப்பட வேண்டிய அடையாளங்கள் வருமாறு:

ஒன்று, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முழுத்துணி நனையும் இரத்தப்போக்கு, அல்லது முட்டையளவு கட்டிகள் விழுதல். இரண்டு, தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் வீங்குதல், வலிப்பு. இவை இரத்த அழுத்தம் மிகுந்ததன் குறிகள். 140-க்கு 90 என்னும் அளவுக்கு ஏறினாலே கவனிக்க வேண்டும். பிரசவமான ஆறு வாரம் வரையிலும் இது தோன்றக்கூடும். மூன்று, காய்ச்சலும் நாற்றமுள்ள உதிரமும். நான்கு, ஒரு கால் மாத்திரம் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல். ஐந்து, பிரசவத்துக்கு முன் குழந்தையின் அசைவு குறைதல். அல்லது உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் ஓயாது அரித்தல். ஆறு, இரண்டு வாரம் கடந்தும் மாறாத துயரம், உறக்கமின்மை, இல்லாத குரல் கேட்டல், குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணம். இவ்வாறாவதைப் பேய் என்று கருதிப் பூசாரியிடம் நாட்களைக் கழித்தலாகாது. இது மருந்தால் தீரும் நோய்.

பிரசவக் காய்ச்சலைத் தடுக்கும் வழி மிக எளிது. 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிரசவம் பார்ப்பவர் குளோரின் கலந்த நீரிற் கைகழுவ வேண்டுமென்று விதித்தார். அதற்குமுன் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் மாண்டுவந்த பிரிவில் சாவு இரண்டளவுக்கு இறங்கிற்று. தாயையும் சிசுவையும் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுதலும், வெயிலிற் காய்ந்த சுத்தத் துணியும் எவ்வீட்டுக்கும் இயலும்.

கல்வராயன் மலைக்கு இவ்விஷயம் மற்ற இடங்களைவிட முக்கியமானது. 1976 வரை ஜாகீர்தார்கள் வசமிருந்த இம்மலையில் பாதைகள் பிந்தியே வந்தன. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுகிறது. ஆயினும் சிதறிக்கிடக்கும் சிற்றூர்களிலிருந்து பெரும்பாதையை அடைவதற்கே நேரம் செல்லும். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022-இல் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. 2008 முதல் 108 என்னும் எண்ணை அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வருகிறது. இவை யாவும் மலையடிவாரத்திலும் சமவெளியிலும் ஆயத்தமாயிருக்க, மலையுச்சி வீட்டில் “விடியட்டும்” என்று ஒரு சொல் சொல்லப்பட்டால் பயன் என்ன? இரத்தப்போக்குக்கு இரண்டு மணி. மலையிறங்க அதற்கு மேலாகலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர், பிரசவ நாளுக்குச் சில தினங்கள் முன்னரே கர்ப்பிணியை இறக்கிவிடுவர். தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே பிரசவக் காத்திருப்பு அறைகள் உள்ளன. கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டறியலாம்.

1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம் தவணைகளாக வருகிறது. ஆபத்து தவணை பார்த்து வருவதில்லை. ஆதலால் சங்க அங்கத்தினர்கள் நான்கு காரியங்களைச் செய்தல் நலம். ஊரிலுள்ள கர்ப்பிணிகளின் பிரசவ நாட்களை அவரவர் வீட்டார் சம்மதத்துடன் செவிலியரிடம் கேட்டு நினைவில் வைத்தல். தொலைபேசிச் சைகை கிடைக்காத ஊராயின் சைகை கிடைக்கும் இடத்துக்கு ஓட ஓர் இளைஞனையும், பாதை வரை இறக்க ஒரு வண்டியையும், வண்டி செல்லாத இடத்தில் டோலி தூக்க நால்வரையும் முன்னரே குறித்தல். இரத்தம் கொடுக்கச் சித்தமாயுள்ளோர் பெயரை எழுதி வைத்தல். ஒவ்வொருவரும் மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கத்தக்க அவசர நிதி ஒன்று வைத்தல்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, இன்று வீடு திரும்பும் ஒவ்வோர் அங்கத்தினரும் தமது மனைவியிடமோ மருமகளிடமோ மகளிடமோ, “உடம்புக்கு எப்படி இருக்கிறது?” என்று ஒரு முறை கேட்டு, அவள் சொல்வதை இடைமறியாமல் கேட்டல் வேண்டும். அவள் சொல்வது மயிர் உதிர்வதாயின் ஆறுதல் சொல்லலாம். தலைவலியும் கண் மங்கலுமாயின் அன்றிரவே புறப்படலாம். அவள் வாய் திறந்தாலன்றி இவ்விரண்டில் எது என்று எவருக்கும் தெரியாது.