ஹைபரி ஊருக்கு வந்த ஒரு கடிதம்

 

இலக்கியம் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். நான் ஓர் ஆங்கில நாவலை எடுத்துக்கொண்டேன். சீமைச் சீமாட்டிகள் தேநீர் அருந்தும் கதை நமக்கு எதற்கு என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கதையைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1775இல் தென் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். 1817இல் தமது 41ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்நாளில் நான்கு நாவல்கள் வெளிவந்தன. ஒன்றிலேனும் ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. நான்காவது நாவலான 'எம்மா' 1815 டிசம்பரில் வெளிவந்தது. வாட்டர்லூப் போர் நடந்த ஆண்டு அது. நாவலிலோ போர் இல்லை. விருந்தும் சீட்டாட்டமும் கல்யாணப் பேச்சுமே உள்ளன. ஆனால் யார் வீட்டுக்கு யார் போகலாம், யாரை உள்ளே அழைப்பது, யாரை வாசலோடு அனுப்புவது என்னும் கணக்கு பக்கத்துக்குப் பக்கம் ஓடுகிறது. அந்தக் கணக்கை அறியாத ஒருவரும் இந்த அவையில் இருக்க முடியாது.

ஹைபரி என்பது கிராமத்தினும் பெரிய, நகரத்தினும் சிறிய ஊர். அவ்வூரின் முதற்குடும்பத்துப் பெண் எம்மா. வயது இருபத்தொன்றை நெருங்குகிறது. அழகும் அறிவும் உண்டு. முப்பதாயிரம் பவுன் சொத்தும் உண்டு. பெற்றோர் யாரென்று தெரியாமல் ஊர்ப் பள்ளியில் வளரும் ஹாரியட் ஸ்மித் என்னும் பெண்ணை அவள் தோழியாக்கிக்கொள்கிறாள். ஹாரியட்டை ராபர்ட் மார்ட்டின் என்னும் குத்தகை விவசாயி மணக்க விரும்புகிறான். இருபத்து நான்கு வயது, உழைப்பாளி, தாயையும் தங்கைகளையும் காப்பவன், வேளாண்மை அறிக்கைகளைப் படிக்கும் வழக்கமுள்ளவன்.

இவனைப் பற்றி எம்மா சொல்லும் கருத்தை நன்கு கவனியுங்கள். இன்னும் சில படிகள் தாழ்ந்த ஏழையாக இருந்தால் அவன் குடும்பத்துக்கு ஏதாவது உதவலாம், அந்த வகையில் பழகலாம். ஆனால் இவனுக்கோ என் உதவி தேவையில்லை. ஆகவே இவனோடு எனக்குத் தொடர்பும் இல்லை. இதுதான் அவள் கருத்தின் சாரம். கையேந்தி நிற்பவனுக்குக் கஞ்சி ஊற்றும் கைகள், சொந்தக் காலில் நிற்பவனைக் கண்டதும் கதவைச் சாத்துகின்றன. தர்மசிந்தனை உள்ளவர்கள் என்று பெயரெடுத்த எத்தனையோ குடும்பங்களை இந்த ஓரிடத்தில் ஆஸ்டின் பிடித்துவிடுகிறார். இலவசப் புத்தகம் வாங்கும்போது நம் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தவர்களே, அவன் முதல் மதிப்பெண் வாங்கியதும் முகம் சுளிப்பதை நாம் பார்த்ததில்லையா?

ராபர்ட் மார்ட்டின் தன் விருப்பத்தைக் கடிதமாக எழுதி அனுப்புகிறான். எம்மா படிக்கிறாள், திகைக்கிறாள். பிழையில்லை. நடை எளிமையாகவும் உறுதியாகவும் இருக்கிறது; உணர்ச்சியிலும் பண்பிலும் குறை காண முடியவில்லை. உடனே அவளுக்கு எழும் எண்ணம் என்ன? தங்கைகளில் ஒருத்தி உதவியிருக்க வேண்டும் என்பதே! பின்னர், இது பெண்ணின் நடையன்று என்று தானே ஒப்புக்கொள்கிறாள். ஆயினும் அவனை மறுத்துவிடும்படி ஹாரியட்டின் மனத்தைத் திருப்பிவிடுகிறாள். கடிதம் நன்றாயிருந்தது, எழுதியவனின் படிதான் சரியில்லை. என் மாணவன் ஒருவன் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தபோது, "இதை யாரப்பா எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். அவனே எழுதியது அது. ஹைபரி அப்படியொன்றும் தொலைவில் இல்லை.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அதே ஊரில் வாணிபத்தால் உயர்ந்த கோல் என்னும் குடும்பத்தார் விருந்து வைக்கிறார்கள். அழைத்தால் மறுத்துவிடுவது என்று எண்ணியிருந்த எம்மா, அழைப்பு வந்ததும் போய் விருந்துண்கிறாள். அங்கே பணம் கதவைத் திறந்தது. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று திரும்பி, 1917இல் பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தபோது தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றிலிருந்தும் விரட்டப்பட்டார். வர்க்கம் வேறு, சாதி வேறு என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும்.

மிஸ் பேட்ஸ் என்னும் ஏழை முதிர்கன்னியை, பாக்ஸ் குன்று உல்லாசப் பயணத்தில் பலர் முன்னிலையில் எம்மா கேலி செய்கிறாள். நைட்லி என்னும் நிலக்கிழார் அவளைக் கண்டிக்கிறார். உனக்குச் சமமான செல்வ நிலையில் இருப்பவளைக் கேலி செய்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன், அவளோ ஏழை என்கிறார். எம்மா வண்டியில் வழி நெடுக அழுகிறாள். மறுநாட் காலையே பேட்ஸ் அம்மையாரின் வீடு தேடிப் போகிறாள். நாவலின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆஸ்டினை நான் முழுமையாக மன்னித்துவிடவில்லை. எம்மா உணவும் உதவியும் கொண்டுபோகும் நோயாளிக் குடும்பத்துக்குப் பெயர் இல்லை. ஊருக்கு வெளியே கூடாரமிட்டிருக்கும் ஜிப்சிகள் ஹாரியட்டை அச்சுறுத்த மட்டும் கதைக்குள் வந்து, விசாரணைக்கு அஞ்சி ஓடி மறைகிறார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று ஹைபரியில் ஒருவரும் கேட்பதில்லை. சேரியில் பிறந்து படிக்கும் நாம்தான் அதைக் கேட்கிறோம். கதையின் முடிவில் ஹாரியட் ராபர்ட் மார்ட்டினையே மணக்கிறாள். எம்மாவும் மகிழ்கிறாள். ஆனால் தோழிகளின் நெருக்கம் மெல்லக் குறைந்துவிடுகிறது. அப்படிக் குறைவதே முறை என்பதுபோல் ஆசிரியரும் எழுதிச் செல்கிறார்.

இன்னொன்று. ராபர்ட் மார்ட்டினின் கடிதத்தை எம்மா படிக்கிறாள், ஹாரியட் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். நமக்கு மட்டும் அதில் ஒரு வரியும் காட்டப்படுவதில்லை. மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் ஏழாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அக்கடிதத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ நீங்களே எழுதிப் பாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள், எல்லோருமாகப் படிப்போம்.