டக் டக் சத்தம் எப்ப வருது?

பழைய கார் வாங்கினவங்களுக்கு ஒரே பயம், புதுசா கேட்கிற சத்தம்தான். எனக்கு அது பழவேற்காட்டுல வந்துச்சு. பசியாவரத்துக்குப் படகு ஏறலாம்னு ஏரிக்கரையில காரைத் திருப்பினேன். முன்பக்கம் ‘டக்... டக்...’. ராத்திரி சென்னைக்குத் திரும்பணுமே!

படகுல புலம்பினேன். படகுக்கார அண்ணன் சொன்னாரு: “என்ன சத்தம்னு குழம்பாதீங்க தம்பி, எப்ப வருதுன்னு பாருங்க. படகு இன்ஜினையும் நாங்க அப்படித்தான் பாப்போம்.”

திரும்பி வந்து காலி இடத்துல ஓட்டிப் பார்த்தேன். நின்ன இடத்துல ஸ்டீயரிங்கைத் திருப்பினா சத்தம் இல்ல. நேரா போனாலும் இல்ல. அப்போ டயர்ல சிக்கின கல் இல்ல. பிரேக் பிடிச்சாலும் மாற்றமில்ல. வலது பக்கம் முழுசா ஒடிச்சு வட்டமடிச்சா மட்டும் டக் டக்.

அது சி.வி. ஜாயின்ட். முன்சக்கரம் இழுக்கிற கார்ல, சக்கரம் திரும்பினாலும் இன்ஜின் சுழற்சியை அதுக்குக் கொண்டுபோற மூட்டு. அதை மூடியிருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சா கிரீஸ் வெளியே போகும், மணலும் தண்ணியும் உள்ளே போகும், குண்டுகள் தேயும். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். இடது சக்கரத்துக்குப் பின்னால உறை கிழிஞ்சிருக்கு, ரிம் உள்பக்கமெல்லாம் கிரீஸ்.

முன்னாடியே குனிஞ்சு பார்த்திருந்தா உறையும் கிரீஸும் மாத்தினா போதும். சத்தம் வந்தா ஜாயின்டையே மாத்தணும். அப்படியே விட்டா ஒருநாள் உடையும். இன்ஜின் ஓடும், கார் நகராது. அன்னைக்கு வளைவுல ஆக்சிலேட்டரை அழுத்தாம, மெதுவா வீடு வந்து சேர்ந்தேன்.

பழைய கார் பார்க்கப் போறீங்களா? ரெண்டு பக்கமும் ஒரு முழு வட்டம் அடிச்சுப் பாருங்க. விலை அப்புறம் பேசலாம்.