உப்புக் காற்றும் பிறேக் குழாயும்



ஊர் திரும்பி, வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்துத் தொழிலைத் தொடங்கும் நேரத்தில், நெடுநாள் நின்ற பழைய பிக்கப் ஒன்றையும் ஓடவைக்கப் பார்ப்பீர்கள். மீனும் சீமெந்தும் அதில்தான் போகும். அவசரத்துக்கு நோயாளியும் அதில்தான் போவார். எஞ்சின் இயங்கினால் போதும் என்று எண்ணவேண்டாம். வாகனம் நிற்குமா என்பதை முதலில் பாருங்கள். பண்ணைப் பாலத்தில் இருபுறமும் தண்ணீர். குறிகட்டுவான் இறங்குதுறையில் வீதி முடிந்தால் கடல்.

பிறேக் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒயில், மெல்லிய உருக்குக் குழாய்கள் வழியாக அந்த அமுக்கத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகிறது. அசையும் இடங்களில் மட்டும் றப்பர் குழாய் இருக்கும். இவற்றில் ஒன்று வெடித்தால் மிதி பலகை வரை இறங்கிவிடக்கூடும்.

நமது பகுதியில் குழாய் இரண்டு வழியால் பழுதாகிறது. வெளியே, கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதை அரிக்கின்றன. உள்ளே, பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நூற்றுக்கு 4 பங்களவு நீர் சேர்ந்ததும் அது 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். மிதி பஞ்சுபோல் இறங்கும். ஆகவே ஆண்டுக்கணக்கில் நின்ற வாகனத்தின் ஒயிலை முழுவதும் மாற்றுங்கள்.

பரிசோதிக்கும்போது வாகனத்தை மட்டமான இடத்தில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். உயர்த்தினால் உறுதியான தாங்கியில் நிறுத்துங்கள். சீமெந்துக் கல்லின் மேல் நிறுத்தவேண்டாம். அது திடீரென நொறுங்கும். குழாயைக் கிளிப் பிடிக்கும் இடங்களையும், சேறு படியும் பின் அச்சுப் பகுதியையும் துடைத்துப் பாருங்கள். துரு செதிலாக உரிந்தாலோ ஈரம் கசிந்தாலோ அந்தக் குழாயை மாற்றியே ஆகவேண்டும். வெடித்த றப்பர் குழாயும் அப்படியே.

அரித்த இடத்தை மட்டும் வெட்டி, றப்பர் துண்டாலோ கம்பியாலோ இணைக்கவேண்டாம். சாதாரணச் செப்புக் குழாயும் வேண்டாம். பிறேக்குக்கென்றே செய்த உருக்குக் குழாயை அல்லது செப்பு-நிக்கல் குழாயைப் போடுங்கள். வெளிவிட்டம் பெரும்பாலும் 4.75 மில்லிமீற்றர். ஜப்பானிய பிக்கப்புகளில் குழாயின் வாய் வழக்கமாக இரட்டை மடிப்பாக விரிக்கப்பட்டிருக்கும். ஒற்றை மடிப்பு பிளந்துவிடும். அதற்குரிய கருவி இல்லாதவர்கள் கராஜில் செய்விக்கவேண்டும். கழற்றிய பழைய குழாயை எறியாமல் மாதிரிக்குக் கொண்டுபோங்கள். நெடுந்தீவில் இருப்பவருக்கு அளவு பிழைத்தால் மறுபடியும் ஒரு மணி நேரப் படகுப் பயணம்.

புதிய குழாயைப் பழையது போன வழியிலேயே கொண்டுசென்று, கிளிப்புகளில் இறுக்குங்கள். சைலன்சரிலோ அசையும் பாகத்திலோ உரசக்கூடாது. நட்டை முதலில் கையால் சுற்றி, புரி சரியாகப் பிடித்தபின் ஸ்பனரால் இறுக்குங்கள்.

பின் எயார் எடுக்கவேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சில்லில் தொடங்குங்கள். நமது வலப்பக்க ஸ்டியரிங் வாகனங்களில் அது பெரும்பாலும் பின் இடப்பக்கம். ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்கவேண்டும். நிப்பிளை மூடிய பிறகே மிதியை விடவேண்டும். குமிழி வராத வரை தொடருங்கள். மேலே உள்ள டப்பா வற்றவிடாதீர்கள். வெளியே வந்த ஒயிலை மீண்டும் ஊற்றாதீர்கள், கிணற்றடியிலும் கொட்டாதீர்கள். எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு துளி சேர்ந்தாலும் றப்பர் பாகங்கள் ஊதிப் பழுதாகும்.

முடிவில் எஞ்சினை இயக்கி, மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். மிதி இறங்கினாலோ எந்த இணைப்பாவது கசிந்தாலோ வாகனத்தை எடுக்கவேண்டாம். எல்லாம் சரியென்றால் ஆளில்லாத வெளியில், வெறும் வண்டியாக, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். செய்த வேலையில் சந்தேகம் இருந்தால் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அதன் பின்னரே ஆட்களை ஏற்றுங்கள்.

குடிக்க உதவாத கிணற்று நீரானாலும் உப்புக் குறைந்ததாக இருந்தால், அதை வாரம் ஒருமுறை வாகனத்தின் அடியில் அடித்துக் கழுவுங்கள். மாற்றிய குழாய் நெடுநாள் நிற்கும்.