அப்தபூர்த்தியும் பலூனும்

(பெங்களூருவில் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழந்தையின் அப்தபூர்த்தியை நக்ஷத்திரம் பார்த்து ஆயுஷ்ஹோமத்துடன் செய்கிறோம். ஆங்கிலத் தேதி பெரும்பாலும் வேறு நாளில் வரும். என் பேத்திக்கு நக்ஷத்திரம் ஞாயிறன்று வாய்த்ததால் காலையில் ஹோமம், மாலையில் அதே ஹாலில் கேக். மாலை விழாவுக்கு 'தீம்' காடு. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை. (குழந்தைக்குத் தெரிந்த ஒரே மிருகம் எதிர்வீட்டு நாய்.)

அலங்காரக்காரர் முந்தின இரவே வந்து, கூரையில் கேஸ் பலூன்களை மிதக்க விடுவதாகச் சொன்னார். காலையில் அதன் கீழேதான் அக்னி! எந்த வாயு என்று கேட்டேன். பதில் தெரியவில்லை.

ஹீலியம் எரியாது. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரஹணத்தை ஜான்சென் நம் குண்டூரில் ஆராய்ந்தபோது கண்ட மஞ்சள் கோடுதான் அதன் முதல் தடயம். ஆனால் விலை அதிகம். மலிவானது ஹைட்ரஜன், காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். கேக்கின் மெழுகுவத்தியும் நெருப்புதானே? பம்பில் காற்றடித்த பலூன்களைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். காட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

இன்னொன்று, வெடித்த பலூனின் ரப்பர்த் துண்டு. தவழும் குழந்தை அதை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 8 வயதுக்குட்பட்டோருக்கு அபாயம் என்று பலூன் பொட்டலத்தில் அச்சிட வேண்டுமென அமெரிக்காவில் 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. பலூன் வெடித்தால் உடனே ஒருவர் துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும். தாம்பூலப் பையிலும் பலூன் வேண்டாம். சின்னப் படப்புத்தகம் வையுங்கள்.