பறக்காத பறவைக்குச் சிறகு நறுக்குவார்களா?

நடுவர் அவர்களே! 'பெண்ணுக்கு வாய்ப்பு இருக்கு, திறமைதான் போதாது' என்று எதிரணி நண்பர் சொல்லிட்டுப் போனார். அவரைக் கொஞ்சம் இங்கிலாந்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். வடகிழக்குக் கரையில் பிளைத் என்று ஒரு துறைமுகம்.

முதல் உலகப் போர் நேரம். ஆண்கள் போர்முனையில். துறைமுகத்தில் வெடிமருந்துச் சரக்கு ஏற்றி இறக்கிய பெண்கள் 1917இல் ஒரு கால்பந்து அணி கண்டார்கள். பெயர் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ். அதில் பெல்லா ரேய் என்ற பெண் ஒரே பருவத்தில் போட்ட கோல் எத்தனை தெரியுமா? 133! (கைதட்டல்) 1918இல் மிடில்ஸ்பரோவில் கோப்பைக்கான இறுதி ஆட்டம். 5-0 என்று வென்றார்கள். அதில் மூன்று பெல்லா அடித்தது.

ஒரு ஆட்டத்திலும் தோற்காத அந்த அணி 1919இல் கலைந்து போச்சு. அதைத் தோற்கடித்தது யார்? சமாதானம்! (சிரிப்பு) போர் முடிஞ்சது, ஆண்கள் திரும்பினாங்க, பெண்களுக்கு வேலை போச்சு. வேலையோட அணியும் போச்சு.

மற்ற ஊர்ப் பெண்கள் விடாமல் ஆடினார்கள். கூட்டம் அலைமோதியது. பொறுக்குமா? 1921இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், 'இது பெண்களுக்கு ஆகாத ஆட்டம்' என்று சொல்லித் தன் உறுப்பு அணிகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. மறுபடி திறக்க ஏறத்தாழ ஐம்பது வருஷம்!

ஐயா, பறக்காத பறவைக்கு யாராவது சிறகை நறுக்குவாங்களா? (பலத்த கைதட்டல்) குறைந்தது திறமையல்ல, வாய்ப்பே என்று கூறி அமர்கிறேன்.