தண்ணீர் எப்போது வடியும்?



விஞ்ஞானிக்கு எதற்கையா பேச்சுப் பயிற்சி, ஆராய்ச்சி நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். வேறு ஊரில் போதுமோ என்னவோ, இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் போதாது.

2004 டிசம்பர் 26 காலை. நிக்கோபாரில் தெரேசா தீவு. நிலம் ஆடியதும் துறைமுக ஊழியர் அப்துல் ரசாக்குக்கு எப்போதோ நேஷனல் ஜியாகிரபிக் தொலைக்காட்சியில் பார்த்த சுனாமிப் படம் நினைவுக்கு வந்தது. அடுத்து கடல் வரும் என்று ஊர் ஊராக எச்சரித்தார், மேட்டுக்கு ஓடச் சொன்னார். தப்பியவர்கள் 1,500 பேருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. அந்தப் படத்தில் பேசிய அறிஞர் தெரேசா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா? சந்தேகம்தான். ஆனாலும் எளிய மனிதருக்குப் புரியும்படி பேசிவைத்தாரே!

இனி தென் அந்தமானில் உள்ள சிப்பிகாட்டுக்கு வாருங்கள். அன்றைய சுனாமி அலை போய்விட்டது, வயலில் ஏறிய உப்புத் தண்ணீர் போகவில்லை. விவசாயிக்கு ஒரே கேள்வி: தண்ணீர் எப்போது வடியும்? விடை, வடியாது. தரையே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. அன்றைய நிலநடுக்கத்தில் இந்தியப் புவித்தட்டு பர்மா புவித்தட்டுக்கு அடியில் சரிந்து, சுமத்ராவிலிருந்து வடக்கே சுமார் 1,300 கிலோமீட்டருக்குப் பூமி பிளந்தது. அந்த ஒரே அசைவில் வட அந்தமானில் பவளப்பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்து செத்தன. தெற்கே இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது; கலங்கரை விளக்கத்தின் காலடியில் கடல்!

இதைக் கருத்தரங்கில் சொல்லும்போது தட்டிலிருந்து தொடங்கலாம். வயல்காரரிடம் 'வடியாது' என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், காரணம் அப்புறம். துணை ஆணையர் அலுவலகத்தில் தட்டைப் பற்றிக் கேட்க நேரமில்லை. எத்தனை ஏக்கர், கரை போட்டால் மீளுமா, மாற்று நிலம் தர வேண்டுமா என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கோ வடக்கு எழும்பித் தெற்கு அமிழ்ந்த கதையே போதும், கண் விரியும். உண்மை ஒன்றுதான். எதை முதலில் சொல்வது என்பதில்தான் வித்தை இருக்கிறது, அதை யாரும் கடலியல் படிக்கும் நம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை.

ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-இல் விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆண்டுக்குப் பத்து நாள் மக்களுக்காக என்றது. நல்லது. அந்தப் பத்து நாளும் அறிக்கை எழுதுவதிலேயே போய்விடாமல் இருக்க வேண்டுமே! நம் மாணவர்களுக்கும் குளிரூட்டிய அறையில் பயிற்சி வேண்டாம். ஜங்லிகாட் மீன் இறங்குதுறைக்குப் போகட்டும், அங்கே தெலுங்கு. நீல் தீவில் காய்கறி போடுகிறவர்களிடம் வங்காளம். இரண்டும் தெரியாவிட்டால் நம் தீவு இந்தி இருக்கவே இருக்கிறது. முதல் அரை மணி நேரம் மாணவர் வாய் திறக்கக் கூடாது, கேட்க வேண்டும். பிறகு பேசட்டும். பேசி முடித்ததும், கேட்டவர் தன் பக்கத்தில் நிற்பவருக்கு அதைத் திருப்பிச் சொல்லட்டும். என்ன போய்ச் சேர்ந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நம் சங்கத் தலைவர் என் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார், தப்பிக்க வழியில்லை. ஐயா, மாதம் ஒரு சனிக்கிழமை மாலை சங்கத்தின் இந்த மண்டபத்தை இந்த மாணவர்களுக்கு விட்டுத்தாருங்கள். மீனவர்களையும் விவசாயிகளையும் அழைத்துவருவது என் பொறுப்பு. தேநீர்ச் செலவு மட்டும் சங்கத்தினுடையது.